பதினோராவது நிபந்தனை

மேலே போக முடியுமா என்று கேட்டாள் மர்டினா.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை. அவள் முழங்கையிலிருந்து
என் மேசைக் காகிதங்கள் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

உரிமம் மறுக்கப்பட்டவர் போகலாம், என்றேன்.
கொடுத்ததை எதிர்ப்பவருக்கு
அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.
எடின்பரோவில் சீராய்வு கேட்கலாம்;
வக்கீல் வாய் திறப்பதற்குள்
உன் இரண்டு பசுவும் போய்விடும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, என்றாள்.
சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

எங்கள் தீவே மேற்கின் விளிம்பு.
மேல்கோர்ட்டு மட்டும் கிழக்கே இருக்கிறது,
கப்பலில் இரண்டே முக்கால் மணி,
காற்று விட்டால்.

இரண்டு வருஷம் முன்பு
இதே பழைய வலைக்கொட்டகைக்கு, இதே ஃபின்லே மெக்காஸ்கிலுக்கு
ஐந்து பேரும் கை தூக்கி
மதுக்கடை வேண்டாம் என்றார்கள்.
காரணம் எழுதுவது எழுத்தரான என் வேலை.
'இத்துறைமுகத்துக்கு இருக்கும் கடைகளே போதும்.'
ஒரே வரி. எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஃபின்லே கப்பல் ஏறினான்.
ஷெரிஃப் (இங்கே அது துப்பாக்கிக்காரர் இல்லை, நீதிபதி)
விஸ்கி நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை.
யார் வீடு அழுதது என்றும் கேட்கவில்லை.
போதும் என்கிறீர்களே, எத்தனை என்று எண்ணினீர்களா?
எண்ணவில்லை.
அளக்காமல் ஊற்றிய கோப்பையைத் தள்ளுவதுபோல்
என் வரியைத் திருப்பி அனுப்பினார்.

மறுபடி கூடினார்கள். இந்த முறை எண்ணினார்கள்.
வடக்கு மூலையையும் சேர்த்து நான்கு கடை,
அதில் ஒன்று கூரை போனது.
கொடுக்கலாம் என்று மூன்று கை. இரண்டு கை மேசைமேலேயே கிடந்தன.

மர்டினாவின் தம்பி டோர்கில்
கடைக்கும் வீட்டுக்கும் நடுவே, ஒரு ஜனவரியில்,
துறைமேடை முடிந்த பிறகும்
ஓர் அடி எடுத்து வைத்தவன்.
ஆட்சேபக் கடிதத்தில் அவன் பெயர் இல்லை.
'இரைச்சல், வாகன நெரிசல்' என்று எழுதியிருந்தாள்,
நாளுக்கு மூன்று வண்டி போகும் தெருவைப் பற்றி.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு.

நிபந்தனைகளை வாசித்தது நான்தான்.
பத்து வரை அச்சில் இருந்தன.
பதினொன்று பென்சிலில்:
துறைமேடை விளிம்பு நெடுக இடுப்பளவு சங்கிலி,
விடியும்வரை விளக்கு, உரிமதாரர் செலவில்.
மணி ஒன்றாகப் போகிறது. கீழ்த்தளத்தில் சூப் கொதிக்கிற வாசனை.
ஐந்து கையும் உயர்ந்தன.

சட்டம் படித்தவள் நான்.
துறைமேடை கடையில் சேர்த்தி இல்லை.
ஃபின்லே ஒரு காகிதம் போட்டால்
மேலே அரை மணி தாங்காது என் பதினொன்று.

இருபத்தொரு நாள் கெடு.
எண்ணத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவள்
நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.
ஒன்பதாம் நாள் ஃபின்லே கையில் உறையோடு வந்தான்.
திறப்பு விழா அழைப்பிதழ்.
பதினேழாம் நாள் கப்பல் ஓடவில்லை;
தபால் கிழக்கே போகாது என்று காற்றுக்கு நன்றி சொன்னேன்,
மின்னஞ்சல் என்று ஒன்று இருப்பதை மறந்து.

இருபத்திரண்டாம் நாள் காலை
கல் துளைக்கும் சத்தம்.
துறைமேடையில் மண்டியிட்டிருந்தான் ஃபின்லே,
புருவமெல்லாம் வெள்ளைத் தூசு.
'இது மேலே நிற்காதுன்னு என் வக்கீல் சொன்னார்,'
நிமிராமலே சொன்னான்.
தெரியும், என்றேன்.

மர்டினாவின் சன்னலில் திரை ஒரு விரற்கடை விலகியிருந்தது.

'இந்தக் கல்லுக்கு இது போதாது.
அந்தப் பெரிய முனையை எடு.'
எடுத்துக் கொடுத்தேன்.